டேப்பின் மேல் ஒரு நூல் முடிச்சு

பல் வலி, டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் காணாமல் போய்விடும். நீங்களும் அனுபவப்பட்டிருப்பீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். வண்டிக் கோளாறும் அதே ரகம்தான். வழியெல்லாம் திக்கித் திணறி வந்த இன்ஜின், ஷெட் வாசலில் நின்றதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சீராக ஓடும். வண்டிக்காரர் அசடு வழிய நின்று, "இவ்வளவு நேரம் இருந்துச்சுங்க, சத்தியமா" என்பார். நான் நம்புவேன். இத்தனை வருஷத் தொழிலில் எந்த வண்டிக்காரரையும் பொய்யர் என்று நான் நினைத்ததில்லை. வந்து வந்து போகிற கோளாறைப் பிடிப்பதுதான் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை. மற்றதெல்லாம் பல்பு மாட்டுவது.

என் வீட்டு மேஜை மேல் நீங்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையில் இருப்பது என்ன என்று கேட்டீர்கள். வயர். என் மாப்பிள்ளையின் டாக்ஸியில், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டருக்குப் போகிற வயர். அதைச் சுற்றியிருக்கும் கறுப்பு டேப் நான் சுற்றியது. டேப்பின் முனையில் நூல் முடிச்சு இருக்கிறதே, அதுவும் நான் போட்டது. மறுக்கப் போவதில்லை. இன்ஜின் சூட்டில் பசை இளகி, டேப்பின் முனை பிரிந்துவிடும். மற்றவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். நான் முனையை இழுத்துப் பிடித்து, மெழுகு நூலால் சுற்றி, முடிச்சுப் போடுவேன். இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. பக்கத்து ஷெட்டில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், "என்ன லேம்ப்பு, வயருக்கு ஜடை பின்னி விடறியா?" என்று கேலி பண்ணுவார். வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லேம்ப் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும் என்பதால் லேம்ப் என்பதே என் பெயராகிவிட்டது. கேலி பண்ணினாலும் தன் வண்டிக்கு வயரிங் என்றால் அவர் என்னிடம்தான் வருவார். செய்கிற வேலையைத் திருத்தமாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அது எந்த வேலையாக இருந்தாலும் சரி.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் எனக்குக் கோர்வையாக வரும்.

எனக்கு ஒரே மகள். பாப்பா என்று கூப்பிடுவேன். கல்யாணமான பிறகும் பாப்பாதான். அவள் அம்மா ஒரு நாள், "தங்கச்சி வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. என்ன குறை வைத்தேன் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. வெளியே போய் அலைய வேண்டிய அவசியமே இல்லாமல் காய்கறி, துணிமணி, மருந்து எல்லாம் நானே வாங்கி வந்து போட்டேன். தங்கையிடம் பேச வேண்டும் என்றால் நானே போன் போட்டுக் கொடுத்து, பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எந்தப் புருஷன் அவ்வளவு நேரம் ஒதுக்குவான்? அவள் பஸ்ஸில் போனாள். பஸ்ஸை நான் என்ன செய்ய முடியும்?

பாப்பா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அம்மா கூப்பிட்டதற்கு, "அப்பா தனியா இருப்பாரும்மா" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் வருஷக்கணக்கில் வாழ்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஷெட்டுக்கு வருவாள். டார்ச் பிடிப்பாள். வயரில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் இன்ஜினை ஓடவிட்டு, வயரை ஒவ்வொரு இடமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தை ஆட்டும்போது இன்ஜின் தடுமாறுகிறதோ, அங்கேதான் சங்கதி. நிறுத்தி வைத்த வண்டியில் மீட்டரை வைத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. உள்ளே செம்பு இழை எல்லாம் அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும், 'நல்ல வயர்' என்று மீட்டர் சான்றிதழ் கொடுத்துவிடும். அனுபவசாலிகளே ஏமாறுகிற இடம் இது. பாப்பா விரல் என் விரலைவிடச் சன்னம். இடுக்கில் கையை விட்டு அவள் ஆட்டுவாள், நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், மேடம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் மாப்பிள்ளை வந்தான். டாக்ஸி டிரைவர். ஹார்ன் அடிக்கவில்லை என்று ஷெட்டுக்கு வந்தவன். ஹார்ன் சரிபண்ண வந்தவன் பெண்ணையே கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று பெயிண்டர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. என்னை வாய் நிறைய மாமா என்பான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான், அதுதான் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். பானட்டைத் திறந்தால் எது பேட்டரி என்று மட்டும் தெரியும், மற்றதெல்லாம் அவனுக்கு இருட்டு. அதனால் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். வண்டி ஓடுகிற வரைக்கும் என்னிடம் வந்துதானே ஆக வேண்டும்? வீடும் கூப்பிடு தூரத்தில்தான் பிடித்திருந்தான்.

போன வருஷம் அவனுக்கு வேலை ஒன்று வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஊர். வண்டியோடு வந்தால் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை, குடியிருக்க வீடும் அவர்களே தருகிறார்களாம். பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே போய்ப் பாதியில் விட்ட படிப்பை முடிக்கப் போகிறேன் என்றாள். "நீங்களும் வந்துருங்கப்பா" என்றாள். வாயால்தான் சொன்னாள். கை அது பாட்டுக்கு அவள் துணிகளை மட்டும் மடித்துக்கொண்டிருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்தார்கள், சாமான்களை லாரியில் முன்னால் அனுப்பினார்கள், கிளம்புவதற்கு முன் ஓரிரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று என் வீட்டுக்கு வந்தார்கள்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். முதல் கோளாறை நான் செய்யவில்லை. அது தானாக வந்தது. பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவன், "மாமா, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது, குலுங்குது" என்றான். நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, வயரை ஆட்டினேன். மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகிற வயர் ஒரு தகட்டு விளிம்பில் உரசி உரசி உள்ளே அறுந்திருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை.

சமையலறை ஜன்னல் வழியாகப் பாப்பா எட்டிப் பார்த்து, "என்னப்பா, பெரிய வேலையா?" என்று கேட்டாள். அடுப்பில் ஏதோ வைத்திருந்தாள். வீடு முழுக்க அந்த வாசனை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சாயங்காலம் அமைந்ததே இல்லை.

"பாக்கணும்டா. ரெண்டு நாள் ஆகும்" என்றேன்.

பொய் என்று சொல்வீர்கள். ஷெட்டில் எல்லோரும் சொல்வதுதான். வண்டியை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாரக் கடைசியில் தருகிற மெக்கானிக்குகளை நீங்கள் யாரும் கைது செய்வதில்லை.

ரெண்டு நாள் ஒரு வாரம் ஆயிற்று. வாரம் போய் மாதம் வந்தது. இடையில் வயரைச் சரிசெய்தேன், கொடுத்தேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் மறுபடி குலுங்கியது, திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை அது தானாக வரவில்லை. எப்படிச் செய்தேன் என்று விளக்கத் தேவையில்லை, உங்கள் வண்டி ஆய்வாளருக்குப் பார்த்தாலே புரியும். இன்ஜின் ஆறியிருந்தால் உள்ளே அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் விலகும். ஆறினால் சேர்ந்துகொள்ளும். மறுபடி டேப், மறுபடி நூல் முடிச்சு. நான் தினமும் ஒன்றை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன், காயிலை மாற்றினேன், ரிலேயை மாற்றினேன், ஃபியூஸ் பெட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். எல்லாம் என் கைப்பொறுப்பு, அவனிடம் எதுவும் கேட்கவில்லை. "மாமா எனக்காக எவ்வளவு கஷ்டப்படறாரு" என்று பாப்பாவிடம் சொல்லுவான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

பாப்பா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பழக்கத்தில் பின்னால் வந்து நின்று டார்ச் பிடித்தாள். ஒரு நாள் கேட்டாள்.

"ஏம்ப்பா, ஓட விட்டு ஆட்டிப் பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு."

"நான் ஒரு தடவ ஆட்டிப் பாக்கட்டா?"

"உனக்கு எதுக்குடா கையில கரி? போய் உள்ள வேலையப் பாரு."

அவள் டார்ச்சை அணைத்து பானட் மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்று சாப்பிடும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் வண்டியைப் பெரிய கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டாள், என்னிடம் கேட்காமல். நான் பெற்று வளர்த்தவள், என் தொழிலை என்னிடமே கற்றவள், என் மேல் நம்பிக்கை இல்லை என்று ஊருக்குக் காட்டுகிறாள்.

அங்கே உள்ளவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. கம்ப்யூட்டரை மாட்டினார்கள். 'இன்ஜெக்டர் சர்க்யூட்' என்று காட்டியது. சரியாகத்தான் காட்டியது. சர்க்யூட் என்றால் வயர், வயரை இணைக்கிற கப்ளர், கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே எல்லாம் சேர்ந்தது. ஆனால் வரிசையில் வண்டிகள் காத்துக்கொண்டிருக்கும்போது யாருக்கு அதையெல்லாம் தடவிக்கொண்டிருக்க நேரம்? ஆறிப்போன வண்டியில் வயருக்கு மீட்டர் வைத்தார்கள், நல்ல வயர் என்றது. அப்படியென்றால் இன்ஜெக்டர்தான் என்று நான்கையும் புதிதாக மாட்டி அனுப்பினார்கள். திரும்பி வருகிற வழியிலேயே குலுங்கியது. மாப்பிள்ளை வண்டியை ஷெட்டுக்குள் ஓட்டி வந்து இறங்கினபோது சிரிக்கவில்லை. "மாமா, உங்களால முடியாதது வேற யாராலயும் முடியாது" என்றான். அன்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நான் யாரையும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவன் உள்ளூரிலேயே வேறு யாருடைய வண்டியையாவது ஓட்டிப் பிழைத்திருக்கலாம். கம்பெனிக்காரர்கள்தான் அவசரப்பட்டார்கள். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அப்போது பாப்பா சொன்னாள்.

"வண்டி கெடக்கட்டும். நாம பஸ்ல போயிடுவோம். பின்னாடி அத லாரில ஏத்தி வரவழச்சுக்கலாம்."

பஸ் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. அவள் அம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்காமல் போனது கண் முன்னால் வந்தது. பஸ்ஸில் போனவர்கள் வருவதில்லை. வண்டியில் போனால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் எனக்குப் போன் வரும், போன் வந்தால் நான் போய்க் கூட்டி வருவேன். இதில் எங்கே கெட்ட எண்ணம் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

"எதுக்குடா பஸ்? சனிக்கிழம சாயங்காலம் வண்டி ரெடி. என் பொறுப்பு" என்றேன்.

இன்ஜெக்டர்களுக்குக் கரண்ட் எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் அடுத்தது புரியும். ரிலேயிலிருந்து ஒரே ஒரு வயர் வரும். அது நான்காகப் பிரிந்து நான்கு இன்ஜெக்டருக்கும் போகும். நான்குக்கும் சோறு போடுவது அந்தப் பொது வயர்தான். இன்ஜெக்டரின் மறுபக்கம் ஆளுக்கொரு வயர் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும். எப்போது திறந்து பெட்ரோலைத் தெளிக்க வேண்டும் என்று பெட்டி சொல்லும். ஆளுக்கொரு வயரில் ஒன்று அறுந்தால் வண்டி குலுங்கும், ஆனாலும் ஓடும். மாப்பிள்ளை வேலை போகிற பயத்தில் குலுங்கக் குலுங்க மலையைத் தாண்டிப் போனாலும் போய்விடுவான். பொது வயர் அறுந்தால் இன்ஜின் அப்படியே நின்றுவிடும்.

சனிக்கிழமை பட்டப்பகலில், பாப்பா உள்ளே எனக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பொது வயரில் கை வைத்தேன். அவசரப்படவில்லை. டேப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றினேன். முனையில் நூல் கட்டினேன். வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மைதான், அது என் கையெழுத்து மாதிரி. ஆனால் பிரிந்து தொங்குகிற டேப்போடு ஒரு வண்டியை ஷெட்டை விட்டு வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இடத்தைக்கூட யோசித்துத்தான் வைத்திருந்தேன். அந்த ரோடு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நின்ற வண்டிகளை எத்தனையோ தடவை அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். மலை ஏறுவதற்கு முன்னால், பெட்ரோல் பங்க் தாண்டி, மர நிழலில் அகலமான இடம் இருக்கிறது. வெயில் காலத்தில் அங்கே வருவதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிடும். அங்கேதான் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் மழை. மழைக்கும் நான் பொறுப்பு என்று நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது பாப்பா பானட்டைத் திறக்கப் போனாள். "தண்ணி இறங்கும், மூடுடா" என்றேன். மூடிவிட்டாள். குனிந்து என் காலைத் தொட்டாள். வண்டி தெருமுனையில் திரும்பியதும் நான் உள்ளே போய் அவர்கள் படுக்கையை உதறி விரித்தேன். சாயங்காலம் திரும்பி வருவார்களே.

மழைக் குளிரில் இன்ஜின் சூடேற நேரம் பிடித்தது. மர நிழலில் நிற்கவில்லை. மலையில் பாதி ஏறிய பிறகு நின்றது. போன் வந்தது.

"அப்பா, நின்னுடுச்சு."

"எங்கடா நிக்கிறீங்க?"

"பெரிய வளைவு இருக்குல்ல, அதத் தாண்டி கொஞ்சம் மேல. நான் பானட்ட தொறந்துட்டேன். அவர ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு ஒவ்வொரு வயரா ஆட்டிட்டு இருக்கேன்."

"பாப்பா, அதெல்லாம் நீ தொடாத, நான் வரேன்."

"இருங்கப்பா. ரிலேகிட்ட வர்ற வயர ஆட்டுனா பிடிக்குது. விட்டா நின்னுடுது. அப்பா... புதுசா டேப் சுத்தியிருக்கு."

மழை பானட் மேல் விழுகிற சத்தம் போனில் கேட்டது.

"நூல் கட்டிருக்கு. அப்பா, இது உங்க கட்டு. இங்க எதுக்குப்பா டேப் சுத்துனீங்க?"

இதுவரை நீங்கள் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகத்தான் இருக்கும். இதற்கு மேல் என் மனசில் ஓடியதை என்னைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. நான் அவளிடம், "பானட்ட மூடிட்டு, வண்டிக்குப் பின்னாடி போய் நின்னு வர்ற வண்டிக்குக் கை காட்டு" என்றேன். நடுரோட்டில் வண்டி நின்றால் எந்த டிரைவரும் அதைத்தான் சொல்லுவான் என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் சொன்னேன், அவரும் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஆனால் அந்த வளைவை எனக்குத் தெரியும். கீழேயிருந்து ஏறி வருகிறவனுக்கு வளைவு முடிகிற வரை மேலே நிற்கிற வண்டி கண்ணில் படாது. அங்கே நிற்கிற வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, ஓரத்துச் சுவர் ஏறி நிற்க வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் இதை நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் அது எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். அவள் விரல் அந்த வயரின் மேல் இருக்கிறது, அது அங்கேயிருந்து எடுக்கப்பட வேண்டும், அது ஒன்றுதான் அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது.

"சரிப்பா" என்றாள். வண்டி விஷயத்தில் சின்ன வயதிலிருந்தே அவள் எனக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. பானட் மூடுகிற சத்தம் கேட்டது. ஈர ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் லாரி.

மாப்பிள்ளைக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று. பாப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் கட்டுப்போட்ட கையோடு என் காலில் விழுந்தான். "மாமா, வளைவுல நிறுத்திட்டேன், என்னாலதான்" என்று அழுதான். நான் அவனைத் தூக்கிவிட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவனிடம் என்ன பேசுவது?

அவளை நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவனுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை, ஒரு கையும் சரியில்லை. இங்கே எல்லா வசதியும் செய்துவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவிட்ச் வைத்திருக்கிறேன். தலை வாரிவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். நான் இல்லாத நேரத்தில் சக்கர நாற்காலி படியில் உருண்டுவிடக் கூடாதே என்று அறைக் கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை வந்து வந்து கதவைத் தட்டினான். அவள் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லி அனுப்பினேன். "அவளே சொன்னாளா மாமா?" என்று கேட்டான். பெற்றவனுக்கு வாயைத் திறந்து சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவள் போன் அன்றைய மழையில் நனைந்துவிட்டது. பிரித்து வைத்திருக்கிறேன், என்ன கோளாறு என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாள் ஆகும்.

அவள் என்னிடம் பேசுவதில்லை. அதிர்ச்சி இருக்கும், நாளடைவில் சரியாகிவிடும். காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நர்ஸ் பெண் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்தால் இவள் அந்தப் பெண்ணின் காதில் குசுகுசுவென்று பேசுவதைக் கவனித்தேன். பயிற்சியை நானே கொடுத்துக்கொள்கிறேன், இனி வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். நிறுத்திய கையோடு நீங்கள் நொறுங்கின வண்டியைத் தேடிப் போய், அந்த ஒரு வயரை மட்டும் வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறீர்கள். யார் உங்களுக்கு வழி காட்டினார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த நர்ஸ் பெண்ணுக்கு வாய் நீளம். என் மகள் ஒன்று சொல்லியிருப்பாள், அந்தப் பெண் வேறொன்றாகப் புரிந்துகொண்டிருப்பாள்.

உள்ளே தட்டுகிறாள் பாருங்கள். உங்கள் குரல் கேட்டுவிட்டது போலிருக்கிறது. தண்ணீருக்காக இருக்கும். இல்லை, உட்காருங்கள் மேடம், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

சரி. வயரை அறுத்தது நான். பாப்பாவை அந்த வளைவில் பின்னால் போய் நிற்கச் சொன்னது நான். லாரி வரும் என்று தெரிந்து சொன்னேன். வேண்டும் என்று செய்தாயா என்று கேட்கிறீர்கள். அவள் இங்கிருந்து போக வேண்டாம் என்று மட்டும்தான் வேண்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

சாவியும் தருகிறேன், சட்டைப் பையில்தான் இருக்கிறது. வெளியே ஜீப்புக்குள் மாப்பிள்ளையை உட்கார வைத்திருக்கிறீர்கள், அவள் அம்மாவும் பக்கத்தில் இருக்கிறாள். ஜன்னல் வழியாக அப்போதே பார்த்துவிட்டேன். இருக்கட்டும். ஆனால் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள், மேடம். என்னை நீங்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?